கண்டக்டர் விட்ட கொட்டாவி

போன வருடம் தக்காளி விலை விழுந்து, பறிக்கிற கூலிக்குக் கூடக் கட்டாது என்று பாதி ஜனங்கள் பழத்தைச் செடியிலேயே விட்டிருந்த சமயம். மாரண்டஹள்ளியில் காய்கறி லோடு ஏற்றும் இடத்துக்கு ஒரு நாயைப் படம் எடுக்கப் போயிருந்தேன். நாயைப் படம் எடுப்பதுதான் என் தொழில் என்று சொன்னால், இன்றைக்கும் சிலர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவர் முகத்தையும் ஒரு தடவை பார்க்கிறார்கள். அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பாலக்கோட்டுக்காரி. ஒரு ஸ்டூடியோவில் பல வருடம் கல்யாண ஆல்பம் டிசைன் செய்து கொண்டிருந்தேன். கேமரா பிடிக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் வீட்டுப் பூனையைத் துரத்தித் துரத்தி எடுத்துத்தான் பழகினேன். ஒரு கட்டத்தில், சொன்ன பேச்சுக் கேட்காத பூனையே எனக்கு நிற்கிறது, இனி என்ன பயம் என்று தோன்றியது. வளர்ப்புப் பிராணிகளுக்கு மட்டும் என்று போர்டு எழுதிச் சின்னதாக ஒரு கடை போட்டுவிட்டேன். திறந்த அன்றைக்கே ஒருவர் வாசலில் நின்று போர்டைப் படித்துவிட்டு, "ஏம்மா, மனுசங்களையெல்லாம் எடுத்து முடிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எனக்கு இந்த மாதிரிப் பேச்சு என்றால் உயிர். கூலியை விட இதற்காகத்தான் ஊர் ஊராகப் போகிறேனோ என்று கூடத் தோன்றும். ஜெர்சி மாட்டை விற்பதற்கு முந்தின நாள் படம் எடுக்கக் கூப்பிட்ட ஒருவர், "இவளக் கொஞ்சம் செவப்பாக் காட்டுங்கம்மா, நாளைக்கு மாமியா வூட்டுக்குப் போறா" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். படம் எடுத்து முடிக்கும்போது அவர் அங்கே இல்லை, வைக்கோல் போருக்குப் பின்னால் போய்விட்டார். எடுத்த படங்களில் ஒன்றைக் கடைச் சுவரில் மாட்டுவது என் வழக்கம். ஒரு வருடம் ஆனபோது பார்க்கிறேன், சுவரில் இருப்பதில் பாதிக்கு மேல் சுவரில் மட்டும்தான் இருக்கிறது. பாம்பு, லாரி, வயது, விற்பனை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். அந்தக் காரணங்களோடெல்லாம் ஒரு மாதிரி சமாதானம் ஆகிவிட்டேன். ஒன்றோடு மட்டும் முடியவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

அந்த நாயின் சொந்தக்காரர் லோடு வண்டி ஓட்டுகிற ஒரு அண்ணன். தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போகிற சின்ன வண்டி. வண்டியின் பின்பக்கம் பெட்டிகளுக்கு மேல் அது ஏறி நிற்கும். லோடு முடிந்து கயிறு கட்டினதும் ஒரே ஒரு தடவை குரைக்கும். அதன் பிறகுதான் அவர் வண்டியை எடுப்பார். அதனால் அதற்குக் கண்டக்டர் என்று பேர். "கண்டக்டர் ஏறியாச்சு, போலாம் ரைட்" என்று லோடு ஏற்றுகிறவர்கள் எல்லாரும் கத்துவார்கள். செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளை, ஒரு காது பாதி கிழிந்தது. நாட்டு நாய்தான்.

நான் கேமராவை வைத்துக்கொண்டு, "இங்க பாரு, இங்க பாரு" என்கிறேன். அது மண்டி இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அண்ணன் சிரித்தார்.

"அதுக்குத் தமிழ் தெரியாதுங்கம்மா. எங்க வூட்ல கன்னடம்" என்றவர் நாயைப் பார்த்து, "ஏய், நோடோ இல்லி" என்றார். உடனே திரும்பி என்னை நேராகப் பார்த்தது. பார்த்துவிட்டு, வாயை முழுசாகத் திறந்து ஒரு கொட்டாவி விட்டது.

நாய்க்குத் தூக்கம் வந்தால் மட்டும் கொட்டாவி வராது. யாராவது உற்றுப் பார்த்தால் அதற்கு ஒரு மாதிரி ஆகும். கூச்சம், கொஞ்சம் பயம். "நான் சண்டைக்கு வரலை" என்று சொல்வது மாதிரி ஒரு கொட்டாவி விடும். கேமராக் கண்ணைப் பார்த்தால் பாதி நாய்கள் அப்படித்தான் செய்யும். அந்த நொடியில் அழுத்தினால், நாக்கு சுருண்டு, பல் அத்தனையும் தெரிந்து, கண் இடுங்கி, பார்க்க வேடிக்கையாக இருக்கும். கண்டக்டரை எடுத்ததில் அழகான படங்களும் இருந்தன. பெட்டி மேல் தாடையை வைத்து, காலை வெயிலில் அரைக்கண் மூடிய படம் ஒன்று. ஆனால் எல்லாருக்கும் பிடித்தது கொட்டாவிதான். "நைட் டூட்டி முடிச்ச கண்டக்டர்" என்று எழுதி என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். அண்ணனும் தன் ஸ்டேட்டஸில் வைத்தார். லோடு வண்டிக்காரர்கள் எல்லாரும் வைத்தார்கள்.

சில மாதம் கழித்து, எங்கள் சொந்தக்காரர்கள் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. மேலே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை. வெறிநாய் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது, பல பேரைக் கடித்துவிட்டது, குழந்தைகளை வெளியே விடாதீர்கள், பார்த்தால் விடாதீர்கள், எல்லாருக்கும் அனுப்புங்கள். அதன் கீழே கண்டக்டர் விட்ட கொட்டாவி. நான் எழுதின வரியை மட்டும் வெட்டியிருந்தார்கள்.

அனுப்பினது என் சித்தப்பா. உடனே போன் போட்டேன்.

"சித்தப்பா, அது நான் எடுத்த படம். அது கொட்டாவி. அந்த நாய் யாரையும் கடிக்கலை. ஊசியெல்லாம் போட்ட நாய்."

"அப்பிடியா கண்ணு? எனக்கு வந்துச்சு, அனுப்புனேன்."

"பொய்னு தெரிஞ்சிருச்சில்ல, எடுத்துடுங்க."

"இருந்துட்டுப் போவுது, வுடு. எதுக்கும் இருக்கட்டும்."

அன்றைக்கு அந்த வார்த்தையை எத்தனை வாயில் கேட்டேன் தெரியுமா! பள்ளிக்கூட அம்மாக்கள் குரூப், கோவில் குரூப், பால் ஊற்றுகிறவர்கள் குரூப், தெரிந்தவர்கள் மூலமாக எதில் எல்லாம் நுழைய முடியுமோ அதில் எல்லாம் நுழைந்து எழுதினேன். ஒரிஜினல் படத்தைப் போட்டேன். முன்னும் பின்னும் எடுத்த படங்களைப் போட்டேன். ஒருவர் கூட என்னோடு சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் கூடத் தேவலாம். எல்லாரும் தன்மையாக, "நீங்க சொல்றது சரிதாங்க, இருந்தாலும் எதுக்கும் இருக்கட்டும்" என்றார்கள். ஒருவர் என்னைப் பாராட்டி ஒரு பூங்கொத்துப் படம் போட்டுவிட்டு, அந்த எச்சரிக்கையை இன்னொரு குரூப்புக்கு அனுப்பினார். பொய் என்று தெரிந்தும் அனுப்புகிறவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது?

நாய்க்கடி பயம் எனக்கும் உண்டு. பொசுபொசுவென்று இருந்த ஒரு வீட்டு நாய் மணிக்கட்டில் போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. அத்தனை ஊசியையும் போட்டுக்கொண்டவள் நான். பயப்பட வேண்டாம் என்று யாருக்கும் சொல்லவில்லை. எதைப் பார்த்துப் பயப்படுகிறோம் என்று ஒரு நிமிஷம் பார்க்கச் சொன்னேன். அந்த ஒரு நிமிஷம் யாரிடமும் இல்லை.

அண்ணனிடம் சொன்னபோது அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நம்மூர்ல இதத் தெரியாதவங்க யாருங்கம்மா இருக்காங்க?" என்றார். அது வாஸ்தவம். மாரண்டஹள்ளியிலும் பாலக்கோட்டிலும் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். "என்னா கண்டக்டரே, பெரிய ரவுடி ஆயிட்டீங்களாமே" என்று அதற்கு பிஸ்கட் வாங்கிப் போட்டார்கள்.

ஆனால் வண்டி நம்மூரிலேயே நிற்குமா? ஒருநாள் தக்காளி நாற்று ஏற்றிக்கொண்டு கம்பைநல்லூர்ப் பக்கம் போனார். நான் அன்றைக்குத் தர்மபுரியில் ஒரு வீட்டில் பூனைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவரிடமிருந்து போன். "அம்மா, வர முடியுங்களா" என்று மட்டும் கேட்டார். அந்தக் குரலுக்கு என்ன ஏது என்று திருப்பிக் கேட்க முடியவில்லை. பஸ் ஏறிப் போனேன்.

ரோட்டோரம் ஒரு டீக்கடை. வண்டி நிற்கிறது. பின்னால் எதையோ சாக்குப் போட்டு மூடியிருந்தது. அண்ணன் சக்கரத்துப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நாற்றுக்குப் பணம் வாங்கத் தோட்டத்துக்குள் போனவர் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நடந்ததை டீக்கடைக்காரர்தான் சொன்னார். தண்ணி குடிக்க இறங்கிக் குழாயடிக்குப் போயிருக்கிறது. யாரோ ஒருவர், "டேய், போன்ல வந்துச்சே அந்த நாய்டா, காதப் பாரு" என்று கத்தியிருக்கிறார். ஆட்கள் கூடிவிட்டார்கள். சுவரோரமாகச் சூழ்ந்து நின்று எல்லாரும் அதையே பார்த்திருக்கிறார்கள்.

"யாரையாச்சும் கடிக்க வந்துச்சாங்க?" என்று கேட்டேன்.

"இல்லீங்கம்மா."

"நொர தள்ளுச்சா?"

"அதெல்லாம் இல்ல."

"பின்ன எதுக்குங்க அடிச்சாங்க?"

அவர் கண்ணாடி கிளாஸைத் துடைத்துக்கொண்டே, "வாயத் தொறந்துச்சும்மா. போன்ல இருந்த மாரியே அப்பிடியே தொறந்துச்சு. அப்பறம் எதுக்கும் இருக்கட்டும்னு..." என்று நிறுத்திக்கொண்டார்.

அத்தனை பேர் உற்றுப் பார்த்தால் அது வேறு என்ன செய்யும்? "நான் சண்டைக்கு வரலை" என்று தனக்குத் தெரிந்த பாஷையில் சொல்லியிருக்கிறது. தமிழும் தெரியாது. அதையே ஆதாரமாக வைத்து அடித்துவிட்டார்கள். அங்கே நின்று நான் கத்தின கத்தலில் எனக்கே தொண்டை கட்டிவிட்டது. அடித்தவர் யார் என்று கேட்டால் எல்லாரும் டீயை ஊதிக்கொண்டிருந்தார்கள். அண்ணன்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்து வண்டியில் உட்கார வைத்தார். வண்டியை எடுக்கப் போனவர் பழக்கதோஷத்தில் வெளியே திரும்பி, "பாரோ, பா" என்று கன்னடத்தில் ஏறக் கூப்பிட்டார். கூப்பிட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். குரைப்புக்காகக் காத்திருக்கிற மாதிரி இருந்தது.

மறுவாரம் அவர் என் கடைக்கு வந்தார். "கண்ணீர் அஞ்சலி பேனர் ஒண்ணு அடிக்கணுங்க. செத்தா நம்ம ஊர்ல யாருக்குத்தான் வைக்கல? அந்த டீக்கடைக்கு எதிர்லயே கட்டணும்" என்றார். நான் அந்தக் காலை வெயில் படத்தை எடுத்துக் காட்டினேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது வூட்ல மாட்ட. பேனருக்கு அந்தப் படத்தையே போடுங்கம்மா. எதப் பாத்து அடிச்சாங்களோ அதையே. அழகான படத்தப் போட்டா, அது வேற நாயின்னு சொல்லிட்டுப் போயிருவாங்க."

பேனர் அடிக்கும் கடையில் இருந்த பையன் பேரைக் கேட்டான். கண்டக்டர் என்றோம். "எந்த டெப்போங்க?" என்றான். அந்த வாரத்தில் அண்ணன் சிரித்தது அப்போதுதான்.

கறுப்பு பார்டர், மேலே கண்ணீர் அஞ்சலி, நடுவில் வாயைப் பிளந்த கண்டக்டர். கீழே அண்ணன் சொன்னபடியே எழுதினோம்: "இவர் யாரையும் கடித்ததில்லை. படத்தில் இருப்பது கொட்டாவி." அதற்கும் கீழே, வருந்தும் மாரண்டஹள்ளி லோடு வண்டிக்காரர்கள்.

எதிர்த்த இடத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு, நாங்களே போய்க் கட்டினோம். டீக்கடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், "நாய்க்கெல்லாம் பேனரு. இன்னும் என்னென்ன பாக்கணுமோ" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்து படிக்க ஆரம்பித்தார். கொட்டாவி என்ற வரிக்கு வந்தார். நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு வாய் தானாகத் திறந்தது. அவர் எத்தனை அடக்கியும் நிற்கவில்லை. பல் அத்தனையும் தெரிய, கண் இடுங்க, பெரிய கொட்டாவி. பக்கத்தில் நின்றவருக்கும் ஒட்டிக்கொண்டது. அவர் பாதியில் கையால் வாயை மூடிக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

என் கை தானாகக் கேமராப் பையைத் திறந்தது. அண்ணன் என் கையைப் பிடித்துத் தடுத்தார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, அமைதியாகத்தான் சொன்னார்.

"எடுத்துறாதீங்கம்மா. எதுக்கும் இருக்கட்டும்னு எவனாச்சும் அனுப்பிருவான்."

வெள்ளைச் சட்டைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். பேனரை யாரும் கிழிக்கவில்லை. மழையில் வெளுக்கும் வரை அங்கேயேதான் இருந்ததாம்.

இப்போதும் படம் எடுக்கிறேன். எந்த நாயாவது என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டால் கேமராவைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறேன். ஜனங்களின் பேச்சு இன்னமும் எனக்கு உயிர்தான், அந்த ஒரு வார்த்தையைத் தவிர. அதை யார் சாதாரணமாகச் சொன்னாலும் எனக்கு உடம்பு பதறுகிறது: எதுக்கும் இருக்கட்டும் என்று சொன்ன அத்தனை பேரும் நன்றாக இருக்கிறார்கள், கண்டக்டர் மட்டும்தான் இல்லை.