ஒரே நிரையில் இரண்டு பேர்

பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் இரண்டு முறை கோட்டை விட்டவள் நான். பதினைந்து வயதில் ஒருமுறை, முப்பத்தொன்றில் ஒருமுறை. சேரங்கோட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் ஆயா வேலை காலியானது. முதுகுவலிக்காரியான எனக்கு அது கிடைத்தால் மறுஜென்மம். பத்தாவது பாஸாகியிருக்க வேண்டும் என்றார்கள்.

மற்ற கணக்குகளோடு மல்லுக்கட்டிவிடுவேன். வேலைக் கணக்குதான் கழுத்தை அறுத்தது. ஒரு வேலையை ஒருத்தி ஆறு மணி நேரத்திலும் இன்னொருத்தி மூன்று மணி நேரத்திலும் முடிப்பாளாம். இருவரும் சேர்ந்தால் எவ்வளவு நேரம்? ஆறு என்று எழுதுவேன். வேறென்ன எழுத? தோட்டத்தில் ஆளுக்கொரு வரிசைச் செடி. அதை நிரை என்போம். அடுத்தவள் நிரையில் கை வைத்தால் கங்காணி வாயில் விழ வேண்டும். மெதுவாக எடுப்பவள் முடிக்காமல் வேலை எப்படி முடியும்? புத்தகமோ விடை இரண்டு என்றது. எழுதியவன் தேயிலைச் செடியையே பார்த்ததில்லை என்று திட்டித் தீர்த்தேன்.

மூன்றாவது பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. பக்கத்து நிரைக்காரி ஆறு மாதக் கர்ப்பிணி. அன்று காலை வாந்தி எடுத்துப் படுத்துவிட்டு, பதினொரு மணிக்குத்தான் வந்தாள். நான் அதற்குள் என் நிரையை மூன்று மணி நேரத்தில் முடித்திருந்தேன். அவள் கைக்கு ஆறு மணி நேரம் ஆகும். கங்காணியிடம் போய் நின்றேன்.

"இவ நிரையில நானும் எறங்குறன், கங்காணி. கொழுந்து அவ கூடைக்கே போகட்டும்."

"என்னமோ செய்ங்க புள்ள. அப்புறம் சண்டைன்னு எங்கிட்ட வரக் கூடாது."

அவள் மேலிருந்து இறங்கினாள். நான் கீழிருந்து ஏறினேன். ஒரு மணிக்குச் சங்கு ஊதியபோது இருவர் கையும் ஒரே செடியில் இருந்தன.

"என்னாக்கா, அதுக்குள்ள முடிஞ்சிருச்சு!" என்றாள்.

இரண்டு மணி நேரம்! ஒரு மணி நேரத்தில் நான் மூன்றில் ஒரு பங்கு, அவள் ஆறில் ஒரு பங்கு. சேர்த்தால் பாதி. நான் பயந்து நடுங்கிய அந்த வேலைக் கணக்கு இதுதானா? சேர்ந்து என்றால் ஒரே நிரையில் என்று முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

பரீட்சையில் தொட்டியும் இரண்டு குழாயும் வந்தன. இரண்டையும் ஒரே நிரையில் இறக்கிவிட்டேன். முப்பத்தெட்டு மார்க். வேலையும் கிடைத்தது.

ரிசல்ட் வந்த அன்று வீட்டுக்காரர் என் வாயில் சீனியைப் போட்டார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார். எனக்கோ ஆத்திரம். பதினைந்து வயதில் யாரோ என்னை மக்கு என்றார்கள். பதினேழு வருஷம் அதை நம்பிக்கொண்டிருந்தேனே.