விருந்தாளி இஞ்சின்

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். அங்கே வெல்டராக இருந்த என் நண்பர் பழவேற்காட்டு மீனவக் குடும்பம். ஏரியை விட்டு ஆலைக்கு வந்தவர். எங்கள் இருவருக்கும் ஒரே பைத்தியம்: ஸ்டேஷன் யார்டில் வந்து நிற்கும் டீசல் இஞ்சின்கள்.

வழக்கமாக வருபவற்றைத் தூரத்திலிருந்தே எண் உட்படச் சொல்லிவிடுவோம். அவற்றுக்கு மதிப்பில்லை. இஞ்சின் பற்றாக்குறையான நேரத்தில் வேறு ஊர் இஞ்சின் ஷெட்டிலிருந்து இரவலாக வருவதுதான் எங்களுக்கு விருந்தாளி. எந்த ஊர் ஷெட் என்பது அதன் பக்கவாட்டுக் கதவில் எழுதியிருக்கும். முதலில் பார்த்தவர் எங்கள் பொது நோட்டில் எண்ணையும் ஊரையும் எழுதுவார். மற்றவர் மறுநாள் அவருக்குச் சாப்பாடு கொண்டுவர வேண்டும். அவர் வீட்டு இறால் தொக்குக்காகவே நான் சீக்கிரம் எழுந்த நாட்கள் உண்டு.

ஒரு நாள் காலை யார்டுக்கு மேற்கே உள்ள சாலையில் வரும்போது, கூட்ஸ் வண்டியின் தலையில் ஒரு விருந்தாளி நின்றது. கதவில் வால்டேர். ஆந்திராவின் அந்தக் கோடியிலிருந்து! மூச்சிரைக்க ஆலைக்கு ஓடினால், கிழக்கிலிருந்து சைக்கிளில் வந்த நண்பர் முந்திவிட்டிருந்தார். நோட்டில் அதே எண்; ஊர் மட்டும் ஈரோடு.

“இன்னா நைனா, கண்ணு தெரியலியா? வால்டேர்னு கொட்டை எயுத்துல போட்டுக்கீது.”

“ஈரோடுன்னு படிச்சிக்கினேதான்பா வந்தேன். பொய் சொல்லி உன் ஊட்டு சாம்பாரத் துன்னணும்னு எனக்கு இன்னா தலையெயுத்து?”

வீட்டுச் சாம்பாரை இழுத்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. பேனாவை எடுத்து, அவர் எழுதியதற்குப் பக்கத்திலேயே ‘பொய்’ என்று எழுதினேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. “என்னையப் பொய்யன்னுட்டியேபா” என்று மட்டும் சொன்னார்.

ஐந்து நாள் பேச்சில்லை. அவர் தனியாகச் சாப்பிட்டார், நானும் தனியாகச் சாப்பிட்டேன். அவரில்லாமல் சோறு இறங்கவில்லை. ஆனாலும் வீம்பு விடவில்லை.

ஆறாம் நாள் அதே எண் யார்டில் நிற்பதாக வாட்ச்மேன் சொன்னார். சாப்பாட்டு மணி அடித்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே விறுவிறுவென்று நடந்தோம். மேற்குப் பக்கக் கதவில் வால்டேர். “பாத்துக்கோ” என்றேன். அவர் இஞ்சினைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். நானும் பின்னால் போனேன்.

ஈரோடு.

எங்கள் முழியைப் பார்த்து மேலேயிருந்த டிரைவர் சிரித்துவிட்டார். “இது ஈரோட்டு வண்டிதான் சார். அந்தப் பக்கத்துக் கதவு நசுங்கிப் போச்சு. ரிப்பேருக்கு நின்ன வேற வண்டியோட கதவை மாட்டி உட்டுட்டாங்க. பேர மாத்தி எயுத நேரம் ஏது?”

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆலைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக நோட்டை எடுத்தேன். “மன்னிச்சுக்கபா” என்று சொல்லி, அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன். நண்பர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கியிக்காத. நீ மறுபடியும் கத்துவ இல்ல? அப்போ காட்டறதுக்கு ஓணும்.”

மறுநாள் என் வீட்டுச் சாம்பார் சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். அந்த மாதமே இரண்டு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். இரண்டு தடவையும் வாயை மூடிக்கொண்டேன்.