காரணம் சொல்லாமல் வெட்டிய பெயர்

இன்றைக்கு இங்கே அமெரிக்காவில், பிளசன்டனில் டெலிகேட் தேர்தல். கட்சி மாநாட்டுக்குப் போய் அதிபர் வேட்பாளருக்குக் கை தூக்கப் போவது யார் என்று நாங்கள் ஓட்டுப் போட வேண்டும். என் மருமகள் கவிதா நின்றாள். நம்ம ஜனங்கள் கார் காராக வந்திருந்தார்கள்.

எனக்குப் படிக்கத் தெரியாது. வாசலில் இருந்த பெண்ணைப் பெயரெல்லாம் வாசிக்கச் சொன்னேன். கவிதா பெயர் வரவே இல்லை.

வேட்பாளரின் பிரசார ஆபீஸ் வெட்டிவிட்டதாம். அங்கே இருப்பது நம்ம சரவணன். "நீ நில்லும்மா, நான் பாத்துக்கறேன்" என்று எங்கள் வீட்டில் தோசை தின்றுகொண்டே சொன்னவன். அவனுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"ரூல்ஸ்ல இருக்கு அங்கிள். காரணம் சொல்லாம யாரை வேணா நீக்கலாம்."

"அப்ப எங்களை எதுக்குடா கூப்பிட்ட?"

"உங்க ஓட்டு முக்கியம் அங்கிள்!"

எங்கள் ஊர் சொசைட்டி தேர்தலில் என் மனுவைத் தள்ளினவன்கூட, "கைநாட்டுக்காரன் நிக்கக் கூடாது" என்று முகத்தைப் பார்த்துக் காரணம் சொன்னான்.

கவிதா காரை எடுத்தாள். வீடு வருவதற்குள் சரவணனே போன் பண்ணினான். "அங்கிள், சண்டே வீடு வீடா ஓட்டுக் கேக்கப் போறோம். கவிதாவை அனுப்புங்க, அவங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியும்."

என்ன பதில் சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்கள். கெட்ட வார்த்தை மட்டும் வேண்டாம், நான் பேசப் பேச எழுதுகிற இந்தப் போன் கவிதாவுடையது.