இரண்டாவது விசிலுக்குப் பிறகு

இன்றைக்கும் என்னால் ஒரு பாட்டை முழுதாகக் கேட்க முடியாது. பல்லவி முடிவதற்குள் கை தானாக அடுத்த பாட்டுக்குப் போய்விடும். பக்கத்தில் என் கணவர் இருந்தால் கைப்பேசியைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். சின்ன வயதிலிருந்தே நான் இப்படித்தான். ஓரிடத்தில் உட்கார மாட்டேன், எதையும் முடியும்வரை பொறுக்க மாட்டேன். அப்படிப்பட்ட என்னை வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்க வைத்தார்கள்.

அப்போது நாங்கள் அபுதாபியில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. ஒரு ஃபிளாட்டை இரண்டாகத் தடுத்து இரண்டு குடும்பங்கள் குடியிருந்தோம். ஹால் எங்கள் பங்கு. அந்த ஹாலில்தான் வெள்ளிக்கிழமை மதியம் பிரியாணிக்குப் பிறகு பாட்டுச் சபை கூடும். சபையில் மூன்றே பேர். என் அப்பா. அடுத்த தெருவில் பக்காலா, அதாவது மளிகைக்கடை, வைத்திருந்த கீழக்கரை மாமா. மூன்று மணி நேரப் பயணத் தூரத்தில், ருவைஸ் எண்ணெய் ஆலையின் கேம்பிலிருந்து பஸ் ஏறி வரும் ருவைஸ் மாமா. இருவரும் எங்களுக்கு எந்த வகையிலும் சொந்தமில்லை. வளைகுடாவில் ஒருவர் நம் வீட்டில் மூன்று முறை சாப்பிட்டுவிட்டால் மாமா ஆகிவிடுவார், அவ்வளவுதான்.

சபைக்குச் சட்டதிட்டம் உண்டு. ஆளுக்கு ஒரு பாட்டு. அது ஆட்டம் போடுகிற பாட்டாக இருக்கக் கூடாது, உயிரை உலுக்குகிற பாட்டாக இருக்க வேண்டும். பாட்டு ஓடும்போது யாரும் பேசக் கூடாது. தண்ணீர் குடிப்பதென்றாலும் இடையிசையில்தான் குடிக்க வேண்டும். முடிந்த பிறகு பேசலாம். அந்தப் பேச்சு பாட்டைவிட நான்கு மடங்கு நீளும். "அந்த எடத்துல மூச்சு வாங்கினதே தெரியலியே, கவனிச்சீங்களா?" என்பார் அப்பா. "மூச்சு வாங்காமப் பாட அவுக என்ன மீனா?" என்பார் கீழக்கரை மாமா. பிறகு மறுபடியும் முதலிலிருந்து போட்டுப் பார்ப்பார்கள். நான் சோபாவுக்குப் பின்னால் ஒற்றைக் காலில் நின்று எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

அப்பாவுக்கு ஒரு வியாதி இருந்தது. பாட்டு நல்ல பாட்டா என்பதைவிட நல்ல பதிவா என்பதுதான் அவருக்கு முக்கியம். டிராஃப்ட்ஸ்மேன் வேலை பார்த்தவர், கோடு பிசிறடித்தால் பொறுக்காது. கம்ப்யூட்டரில் பழைய பாட்டுகளை இறக்கி, இரைச்சலை, அவர் பாஷையில் ‘நாய்ஸை’, நீக்கி, சிடியில் ஏற்றி வைத்திருப்பார். எனக்கும் அதெல்லாம் கற்றுக் கொடுத்திருந்தார். வீட்டில் நான் அசையாமல் உட்காரும் ஒரே இடம் கம்ப்யூட்டர் நாற்காலிதான் என்பதால் அம்மாவும் தடுக்கவில்லை.

ருவைஸ் மாமாவின் பாட்டு எப்போதும் கடைசி. அது முடிந்ததும் அவர் ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்புவார். அவர் கிளம்பிய பிறகுதான் நாங்கள் கடற்கரைக்கு, அங்கே சொல்கிற மாதிரி கார்னிஷுக்கு, போவோம். குளிர்காலத்தில் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும். மணலில் விளையாட முடியாது, தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். ஆக, என் ஒரு வாரத்துச் சந்தோஷம் முழுக்க அந்த ஒரு மனிதரின் ஒரு பாட்டில் மாட்டிக்கொண்டிருந்தது.

அதுவும் என்ன பாட்டு. வாராவாரம் ஒரே பாட்டு. பழைய படத்துப் பாட்டு, பெண் குரல். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்களும் உடனே தேடிக் கேட்பீர்கள், உங்களுக்குத் தெளிவான பிரதிதான் கிடைக்கும்.

அவரிடம் அது கேசட்டில் மட்டும்தான் இருந்தது. ஏ பக்கத்தில் எங்கோ நடுவில். பின்னால் சுற்றி, போட்டுப் பார்த்து, தாண்டிவிட்டது என்று மறுபடி சுற்றி, அந்த இடத்தைப் பிடிப்பதற்கே பத்து நிமிடம் ஆகும். எனக்கு இருப்புக் கொள்ளாது. ஜன்னலுக்கும் சோபாவுக்கும் நடந்துகொண்டே இருப்பேன்.

கடைசியில் பாட்டு வந்தால், அதில் பாட்டைத் தவிர எல்லாம் கேட்கும். ரேடியோவுக்கு எதிரே டேப் ரிக்கார்டரை வைத்து வீட்டில் பதிவு செய்தது. முதலில் காக்கா. பல்லவியில் குக்கரின் முதல் விசில். இடையிசையில் இரண்டாவது விசில். அந்த விசில் அடங்கியதும் மாமா ஆள்காட்டி விரலைத் தூக்குவார். சரியாக அந்த நொடியில் ஒரு குழந்தை தொண்டை கிழியக் கத்தும்: "யாரும் பேசாதீங்க, அப்பா பாட்டு ஓடுது." அதன் பின்னால் ஒரு பெண் "உஸ்" என்பாள். அப்புறம் சரணம் தொடங்கும். மாமா விரலை இறக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்.

"இந்தக் குக்கர எப்பத்தான் எறக்குவாக?" என்று கீழக்கரை மாமா ஒவ்வொரு வாரமும் கேட்பார். ஒவ்வொரு வாரமும் சிரிப்பார்கள். ருவைஸ் மாமாவும் சேர்ந்து சிரிப்பார். ஒரு லீவு முடியும் சமயத்தில் அவர் மனைவி பதிவு செய்து கொடுத்ததாம் அது. கத்தியது அவர் மகள். அப்போது அவளுக்கு மூன்று வயது. அதற்குப் பிறகு அவர் இரண்டு லீவு போய் வந்துவிட்டார், அவளுக்கும் என் வயது ஆகிவிட்டது. போன் பண்ணினால் என்ன பேசுவாள் என்று அம்மா ஒருமுறை கேட்டாள். "நல்லா இருக்கேம்பா, இந்தா அம்மாட்ட குடுக்கறேன். அவ்ளோதாங்க," என்று அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இதையெல்லாம் நானும் அங்கே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்குத் தெரியாது என்று இப்போது தப்பித்துக்கொள்ள முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் பிளேயர் அந்தக் கேசட்டின் நாடாவை இழுத்து மென்றுவிட்டது. மாமா எழுந்தே நின்றுவிட்டார். அப்பா பொறுமையாக நாடாவை எடுத்து, பென்சில் செருகிச் சுற்றினார். அறுந்துபோகவில்லை, கசங்கியிருந்தது. அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "பாத்து சரிபண்ணி வைங்க, அடுத்த வாரம் வாங்கிக்கறேன்," என்று சொல்லிவிட்டு, லிஃப்ட் வரை போனவர் திரும்பி வந்து மேசை மேல் இருந்த கேசட்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

"பாவம் மனுஷன். இதுக்கு ஒரு நல்ல பிரிண்ட் போட்டுக் குடுக்கணும்," என்றார் அப்பா. அவர் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்ததுதான். எனக்கு அன்றைக்குத்தான் பொறி தட்டியது.

அப்போது அங்கே வியாழனும் வெள்ளியும்தான் பள்ளிக்கூட விடுமுறை. அந்த வியாழக்கிழமை அப்பா வேலைக்குப் போயிருந்தார், அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் கம்ப்யூட்டரில் அந்தப் பாட்டைத் தேடிப் பிடித்து இறக்கினேன். மாமாவின் கேம்ப் ரூமில் கேசட் போடும் பெட்டிதான் இருந்தது என்பதால் சிடி உதவாது, அவர் கேசட்டிலேயே பதிய வேண்டும். கம்ப்யூட்டரிலிருந்து டேப்புக்கு ஒயர் கொடுத்தேன். பதியும் பொத்தான் அமுங்கவில்லை. பார்த்தால், கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தடுப்புகளை யாரோ உடைத்து எடுத்திருந்தார்கள். தவறிப்போய்க்கூட அதன் மேல் எதுவும் பதியக் கூடாது என்பதற்காகச் செய்வது அது. அப்படி உடைத்த கேசட்டில் பதிய வேண்டுமானால் ஓட்டையின் மேல் செல்லோடேப் ஒட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அப்பாவின் பிள்ளையாயிற்றே. ஒட்டினேன்.

நாடாவை ஆரம்பத்துக்குச் சுற்றி, முதல் பாட்டாக அதைப் பதிந்தேன். இனி யாரும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், போட்ட உடனே பாடும். ஒரு முறைதான் பதிந்திருந்தால் பழையது நடுவில் பிழைத்திருக்கும். ஆனால் முன்னால் போனாலும் பின்னால் போனாலும் அதே பாட்டுதான் வர வேண்டும், தேடுகிற வேலையே இருக்கக் கூடாது என்று ஏ பக்கம் முழுக்க அதையே திரும்பத் திரும்பப் பதிந்தேன். அப்பா வந்ததும் போட்டுக் காட்டினேன். ஹெட்போனில் கேட்டுவிட்டு என் முதுகில் தட்டிக் கொடுத்தார். பழையது என்ன ஆயிற்று என்று அவரும் கேட்கவில்லை. அவர் காதுக்கு அது நீக்கப்பட வேண்டிய இரைச்சல்தானே.

வெள்ளிக்கிழமை கீழக்கரை மாமாவின் பாட்டு முடிந்ததும் நான் முந்திக்கொண்டு கேசட்டைப் போட்டேன். சுற்றாமல், தேடாமல், பொத்தானை அமுக்கிய உடனே பாட்டு வந்தது. அப்பா மாமாவைப் பார்த்துப் புன்னகைத்தார். இத்தனை நாளும் கேட்காமல் இருந்த வீணை கேட்டது. குக்கர் இல்லை, காக்கா இல்லை. கீழக்கரை மாமா தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். நான் ருவைஸ் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போது பாராட்டுவார் என்று.

இடையிசை வந்தது. பழக்க தோஷத்தில் மாமாவின் விரல் எழுந்தது. எழுந்து அப்படியே நின்றது. வயலின் போய்க்கொண்டே இருந்தது. சரணம் தொடங்கிய பிறகும் விரல் இறங்கவில்லை. பிறகு காதைச் சொறிவதுபோல அதைக் கொண்டுபோய் மறைத்துக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும் "ரொம்பக் கிளியரா இருக்கு பாப்பா," என்றார். கேசட்டை வாங்கி, முதுகில் ஒட்டியிருந்த செல்லோடேப்பைக் கட்டைவிரலால் தடவினார். அப்புறம் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"பழசு அடியில எங்கயாச்சும் இருக்குங்களா?"

அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். என் பக்கம் திரும்பினார். வகுப்பில் முதலில் கை தூக்குகிறவள் நான், விடுவேனா? மேலே பதிந்தால் அடியில் இருப்பது சுத்தமாக அழிந்துவிடும் என்று டீச்சர் மாதிரி விளக்கிச் சொன்னேன். கீழக்கரை மாமா எதையோ சொல்லிச் சிரிக்கப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அம்மா சமையலறையிலிருந்து வந்து, வழக்கமாக ஒரு டப்பாவில் கட்டித் தரும் பிரியாணியை அன்று இரண்டு டப்பாவில் கட்டிக் கொடுத்தாள். அன்று சபையில் பேச்சு சீக்கிரம் முடிந்துவிட்டது. இரவு அப்பா அம்மாவிடம் ஏதோ நெடுநேரம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அப்போதே புரிந்திருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் மாமா வந்தார். அவர் முறை வந்தபோது, "இன்னிக்கு வேற ஏதாச்சும் நீங்களே போடுங்க," என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா எதையோ போட்டார். நான் வாசலில் செருப்புகளை ஜோடி சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தேன். உண்மையில் அவருடைய ஷூவை எடுத்து, அவர் சுலபமாகக் கால் நுழைக்கும்படி திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார். கையில் அந்தக் கேசட் இருந்தது.

"பாப்பா," என்றார். குரலைத் தணித்துக்கொண்டார். "இந்தப் பாட்ட ஒருவாட்டி போடறேன். நடுவுல நான் வெரலத் தூக்குவேன்ல, அப்ப நீ ஒண்ணு சொல்றியா? யாரும் பேசாதீங்கன்னு. அவ சொல்ற மாதிரி. பதியல்லாம் வேணாம், சும்மா வாயால."

என்னால் தாங்க முடியவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்து அவ்வளவு சுத்தமாகச் செய்து கொடுத்திருக்கிறேன், அதில் போய் நானே கத்துவதா? அதுவும் போக மணி நான்கு. இன்னொரு முறை பாட்டைப் போட்டால் ஐந்து நிமிடம் போய்விடும்.

"நாய்ஸ் வரும் மாமா," என்றேன்.

"ஆமாமா," என்றார். "நாய்ஸ் வரும்ல."

இதை எழுதும்போது எனக்கு முகம் சுடுகிறது. அவர் கேட்டது ஐந்தே வார்த்தை. எட்டு வயதுக் குரல் என்னிடம் இருந்தது, அவர் மகளுக்கும் அப்போது அதே எட்டு வயது. ஆண்கள் மட்டுமே இருக்கும் கேம்பிலிருந்து வருகிறவர், எங்கள் வீட்டைத் தவிர அவர் வேறு எங்கே போய்க் கேட்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவர் கேசட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நான் திருப்பி வைத்திருந்த ஷூவில் கால் நுழைத்தார். பஸ்ஸுக்கு நேரம் இருந்தும் கிளம்பிவிட்டார். லிஃப்ட் கதவு மூடியதும் நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அந்தக் குளிர்காலத்தில் அன்றைக்குத்தான் முதன்முறையாக வெயில் இருக்கும்போதே கார்னிஷுக்குப் போனோம். நான் தண்ணீரில் இறங்கினேன், மணலில் ஓடினேன், இருட்டும்வரை கத்திக்கொண்டே இருந்தேன். எல்லாம் என் ஏற்பாட்டால் வந்தது என்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.