எங்கள் வாசலில் கூட்ஸ் வண்டி

கல்யாணமாகி அருப்புக்கோட்டைக்கு வந்த மறுநாள் காலையில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு வாசல் கதவைத் திறந்தேன். எதிரே ரயில் எஞ்சின் நின்றுகொண்டிருந்தது. தூரத்தில் அல்ல, கையை நீட்டினால் சுட்டுவிடும் கிட்டத்தில். கன்னங்கரேலென்று, அடிவயிற்றிலிருந்து புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டு, நான் கதவைத் திறக்கட்டும் என்று காத்திருந்ததைப் போல நின்றது. கிண்ணம் கை நழுவி விழுந்தது. நான் போட்ட கூச்சலில் அண்டை வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அடுப்படியிலிருந்து வந்த என் ஓரகத்திதான், என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பயப்படாத. அது ஒண்ணும் செய்யாது. நம்ம வீட்டு மாடு மாதிரிதான்" என்றாள். இவ்வளவு பெரிய பொய்யை ஒருத்தி எவ்வளவு நம்பிச் சொல்லியிருக்கிறாள் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

நான் நரிக்குடிப் பக்கத்துப் பெண். அறுபதுகளில் எங்கள் பக்கம் தண்டவாளம் போட்டபோது கண்மாய்க் கரையில் நின்று வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நானும் உண்டு. ரயில் என்றால் அது கருவேலங்காட்டுக்கு அந்தப் பக்கம் ஓடும், நாம் இந்தப் பக்கம் நிற்போம். அதுதான் எனக்குத் தெரிந்த ரயில். நான் வாழ்க்கைப்பட்ட தெருவிலோ ரயில் நடுத்தெருவில் வந்தது. ஸ்டேஷனிலிருந்து பஞ்சாலைக்கு ஒரு கிளைப் பாதை போட்டிருந்தார்கள். வேறு வழியில்லையென்று தெருவோடு தெருவாகத் தண்டவாளத்தைப் பதித்துவிட்டார்கள். மாட்டு வண்டி போகும், சைக்கிள் போகும், தண்ணீர்க் குடத்தோடு பெண்கள் போவார்கள், அந்த நேரம் வந்துவிட்டால் எல்லோரும் ஒதுங்க, கூட்ஸ் வண்டியும் போகும். நிலக்கரியும் பஞ்சுப் பொதியும் மில்லுக்கு வரும், நூல் வெளியே போகும்.

அந்த வண்டிக்கு முன்னால் நடந்து வருவதுதான் என் மூத்தாரின் வேலை. நான் அக்கா என்று கூப்பிடும் ஓரகத்தியின் வீட்டுக்காரர். மில்லில் கொடிக்காரர். ஒரு கையில் சிவப்புக் கொடி, இன்னொரு கையில் பச்சைக் கொடி. அவர் நடக்கிற வேகம்தான் எஞ்சினுக்கும் வேகம். அவருடைய தகப்பனார் காலம்வரை பிறத்தியார் காட்டில் களையெடுத்த குடும்பம், காக்கிச் சட்டை போட்ட முதல் ஆள் அவர்தான். தெரு பஸ் ரோட்டை நோக்கிச் சரிவாக இறங்கும். தெருக்கோடியில், ரோட்டை ஒட்டினாற்போல எங்கள் வீடு. வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றுவிட வேண்டும். மூத்தார் ரோட்டுக்குப் போய்த் தண்டவாளத்தின் நடுவே நின்று சிவப்புக் கொடியைத் தூக்கி, திருச்சுழி பஸ்ஸையும் மற்றதையும் நிறுத்திவிட்டு, பிறகு திரும்பிப் பச்சையைக் காட்டுவார். அதற்குப் பிறகுதான் எஞ்சின் ரோட்டைக் கடக்கும். சிவப்பைத் தூக்கிப் பிடித்திருக்கும்வரை அவர் எஞ்சினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அதற்கு நடுவில் ஒருநாளும் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை.

அந்த வண்டிமேல் தெருவுக்கே ஒரு கிறுக்கு இருந்தது. மறைப்பானேன், கொஞ்ச நாளில் எனக்கும் பிடித்துவிட்டது. வண்டி வருகிறதென்றால் முதலில் பரணில் இருக்கிற பித்தளைப் பாத்திரங்கள் கிணுகிணுக்கும். பிறகு தரை அதிரும், அதிர்வு உள்ளங்காலில் ஏறும். கரிப்புகை வீட்டுக்குள் வந்து வெளுத்த துணியில் படியும், திட்டிக்கொண்டே வாசலுக்கு ஓடுவோம். மழை பெய்து குளிர்ந்த நாட்களில் டிரைவரிடம் செம்பை நீட்டினால் எஞ்சினிலிருந்து கொதிக்கக் கொதிக்க வெந்நீர் பிடித்துத் தருவார். பெண் பார்க்க வருகிறவர்கள் எங்கள் தெருப் பெண் என்றால் கூட்ஸ் வரும் நேரம் கேட்டுக்கொண்டு வருவார்கள். வீரசோழன் ஊரிலிருந்து சரக்கெடுக்க வரும் வியாபாரிகள் வேலை முடிந்தும் பஸ் ஏறாமல் எங்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். மழையைத் தவிர வேறு எதற்கும் அண்ணாந்து பார்க்காத ஊர்க்காரர்கள் நாங்கள். எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகிற ஒன்று வாசற்படியை உரசிக்கொண்டு போவது யாருக்குத்தான் பிடிக்காது!

அக்காவுக்கு இருந்தது அதற்கும் மேலே. வண்டி வந்தால் அடுப்பில் என்ன கிடந்தாலும் கிடக்கட்டும் என்று வந்துவிடுவாள். சேலையைச் சரிசெய்துகொண்டு நிலைப்படியில் நிற்பாள். எஞ்சின் கடந்ததும் கையை நீட்டி, பெட்டி ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் தடவி விடுவாள். வண்டி போன பிறகு அந்தக் கையை முகர்ந்து, "இன்னைக்குப் பஞ்சு இல்ல, கரிதான்" என்பாள். ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "எத்தா பெருசு பாத்தியா? அத எங்க வீட்டுக்காரவுக கயிறு கூட இல்லாமப் பிடிச்சுட்டு வாராக." அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த பெருமையை என்னவென்று சொல்வது! அவள் பார்த்தது ரயிலை அல்ல. இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது.

பழகிவிட்டால் எதுவும் சாதுவாகிவிடுகிறது. தெருவில் வெயில் நன்றாக விழுகிற, வண்டிமாடு மிதிக்காத இடம் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில்தான். ஆகவே மிளகாய் வற்றல், சோளம், உளுந்து எல்லாம் அங்கேதான் காய்ந்தன. கூட்ஸ் வந்தால் அள்ள வேண்டியதில்லை. அது மேலாகப் போய்விடும், கீழே கிடப்பது கிடக்கும். காட்டில் களத்துக்கு அலைகிறவர்கள் எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். மூத்தாரும் அதையெல்லாம் மிதிக்காமல் ஓரமாகக் காலை வைத்து நடப்பார்.

அந்த மாசியில் அக்காவின் பிறந்த ஊரான திருச்சுழிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் ஆமணக்குக் காய் வந்து இறங்கியது. காட்டு வரப்பில் விளைந்தது, மூட்டை மூட்டையாக. அவள் தம்பி அனுப்பியிருந்தான். சீர் வந்ததுபோல அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வாசலிலிருந்து மேற்கே தெரு ஏறுகிற வரைக்கும், தண்டவாளத்துக்கு நடுவே நீளமாகப் பரப்பிவிட்டாள். ஆமணக்கு வெயிலில் வெடிக்கும். படபடவென்று ஓடு பிளந்து முத்து நாலு பக்கமும் தெறிக்கும். எங்கள் சீமையில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். தெறித்தால் கூட்டி அள்ளிக்கொள்வோம், களத்தில் அப்படித்தானே செய்கிறோம். களத்தில் தண்டவாளம் கிடையாது என்பது எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அன்று காலையில் காலிப் பெட்டிகள் ஸ்டேஷனுக்கு ஏறிப் போயின. சக்கரத்தடியில் முத்துகள் நசுங்குகிற சத்தம் கேட்டது. "ஓசியில செக்காட்டுறாகளே" என்று எதிர்வீட்டுப் பெண் சொல்ல, நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அதன் பிறகும் வெயில் ஏற ஏறக் காய் வெடித்துக்கொண்டே இருந்தது. தண்டவாளம் தலைக்கு எண்ணெய் வைத்ததுபோல மின்னியது. அதையும் பார்த்தோம், அழகாக இருக்கிறதென்றுதான் பார்த்தோம்.

உச்சிப்பொழுதில் நிலக்கரி லோடு வந்தது. மூத்தார் வழக்கம்போல முன்னால் நடந்து வந்தார். எங்கள் வாசலைத் தாண்டும்போது அக்காவை ஒரு பார்வை பார்த்தார், அதுவும் வழக்கம்தான். ரோட்டில் திருச்சுழி பஸ் வந்துகொண்டிருந்தது. அவர் போய்த் தண்டவாளத்தின் நடுவே நின்று சிவப்புக் கொடியைத் தூக்கினார். பஸ் நின்றது. மேட்டில் டிரைவர் நீராவியை அடைத்துப் பிரேக்கைப் போட்டார். எஞ்சினின் சத்தம் அடங்கியது. சக்கரங்கள் நின்றன. வண்டி நிற்கவில்லை. சக்கரம் சுற்றாமல் ஒரு ரயில் நகர்ந்து வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். வழுக்குப் பாறையில் குடம் சறுக்குவதைப் போல, ஒரு அரவமும் இல்லாமல் வந்தது. எங்கள் வாசலுக்கு வந்தது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் எங்களைக் கடந்து போயிற்று. டிரைவர் பாதி உடம்பை வெளியே விட்டு ஊதலை இழுத்தார். அந்த இடத்தில் தினமும் ஊதுவார்கள், பஸ்ஸுக்காக. மூத்தார் கொடியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார், அவ்வளவுதான்.

"ஏங்க! ஏங்க!" என்று அக்கா கத்தினாள். பஸ்ஸிலிருந்த ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தெருவில் எந்தப் பெண்டாட்டி எந்தப் புருசனைக் கூப்பிட்டாலும் அந்தச் சொல்தான். அவர் தன்னை என்று நினைக்கவில்லை. அப்போது அக்கா அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். முழுப் பெயரையும், தொண்டை கிழிய.

எங்கள் காலத்தில் புருசன் பெயரைச் சொல்வதென்பது செய்யக்கூடாத காரியம். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம்பினோம். அக்கா அவர் பெயரை முணுமுணுத்துக்கூட நான் கேட்டதில்லை. இதை எழுதும்போது என் கையும் அந்தப் பெயரை எழுத மறுக்கிறது, அவர் எனக்கு மூத்தார்.

அவர் திரும்பினார். வீடு உயரத்துக்கு ஒரு எஞ்சின் அவர்மேல் வந்துகொண்டிருக்க, அவர் கண் எஞ்சினைப் பார்க்கவில்லை. அதைத் தாண்டி, பக்கவாட்டில், எங்கள் வாசலைத் தேடியது. நான் பார்த்தேன். அந்த முகத்தில் பயம் இல்லை. ஒரு எட்டு ஒதுங்கியிருக்கலாம், நேரம் இருந்தது. கொடிகள் இரண்டும் கையில் இருக்க, அவர் அக்காவைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அதற்கு மேல் எஞ்சின் மறைத்துவிட்டது. அது ரோட்டுக்கு நடுவில் போய்த்தான் நின்றது. நாங்கள் ஓடிப் பார்த்தபோது அவர் உயிரோடு கிடந்தார், இடது கால் சக்கரத்தடியில் இருந்தது. அக்கா அழவில்லை. பேயறைந்தவள்போல நின்று, காலில் ஒட்டியிருந்த ஆமணக்கு முத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நிறுத்திய பஸ்ஸிலேயே ஆட்களை இறக்கிவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மதுரையில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

தெரு என்ன பேசியது தெரியுமா? எண்ணெயைப் பற்றி யாரும் பேசவில்லை. "புருசன் பேரச் சொன்னாளே, விளங்குமா?" என்றுதான் பேசினார்கள். எனக்கு அதைக் கேட்டு ரத்தம் கொதித்தது. அதைவிட அதிர்ச்சி, அக்காவே அதை நம்பியது. அவருக்குக் கஞ்சி கொடுப்பாள், கட்டு மாற்றுவாள், தோள் கொடுத்து நடக்க வைப்பாள். அவர் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டாள். "என் வாய்தான் அவுக கால வாங்கிருச்சு" என்று என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னாள். நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன், அவள் காதில் ஏறவில்லை. ஒரே வீட்டுக்குள் அப்படியே வருசங்கள் போயின.

இன்று என் மருமகள் என் மகனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். சாப்பிட வா, போனை எடு, குழந்தையைப் பிடி, எல்லாவற்றுக்கும் பெயர்தான். நல்ல பெண், குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவள் அடுப்படியிலிருந்து சத்தமாகக் கூப்பிடும்போதெல்லாம் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. உடனே என் மகன் எங்கே நிற்கிறான் என்று பார்க்கிறேன்.

எழுபதுகள் முடிகிற சமயத்தில் மில்லுக்கு லாரிகள் வர ஆரம்பித்து, கூட்ஸை நிறுத்திவிட்டார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்தெடுக்க ஆட்கள் வந்தார்கள். தெருவே கூடி நின்று இழவு வீட்டில் நிற்பதுபோல நின்றது. அந்தச் சனியன் போனது எனக்கு நிம்மதியாக இருந்தது, கூடவே நெஞ்சையும் அடைத்தது. அந்த இரண்டாவதை நினைத்து எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது. மூத்தார் வாசலில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா அவர் பக்கத்தில் போய் நின்று, இத்தனை வருசமாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டாள்.

"ஒரு எட்டு நகந்திருக்கலாம்ல? ஏன் அப்படியே நின்னீக?"

வெளியே இரும்பு அடிக்கிற சத்தம் ஓய்ந்தது.

"எங்க ஆத்தா போனதுக்கப்புறம் அந்தப் பேரச் சொல்லி என்னைய ஒருத்தரும் கூப்பிடல புள்ள" என்றார். "அண்ணே, மாமா, கொடிக்காரரே, அம்புட்டுத்தான். அன்னைக்கு நீ கூப்பிட்ட. கேக்க ஆசையா இருந்துச்சு. நின்னுட்டேன்."