வவுனியாவில் விட்டுப்போன அட்டை

ஏ-9 வீதி வழியாகக் கிளிநொச்சி போகத் திட்டமிடும் சிலர், "அந்தக் காலத்தில் எப்படிப் போனீர்கள்?" என்று கேட்டிருந்தார்கள். நான் போனது 1995 மாசியில், லண்டனிலிருந்து. அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி, ஒப்பரேசனுக்கு நாள் வைத்தாயிற்று என்று அத்தான் எழுதிய கடிதம் ஒரு மாதம் அலைந்து கைக்கு வந்திருந்தது. வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தேன்.

கொழும்புக் கோட்டையில் காலை ஆறேகாலுக்கு ரயில் ஏறி, மத்தியானம் ஒன்றரைக்கு வவுனியாவில் இறங்கினேன். லொட்ஜில் அறை நூற்றைம்பது ரூபாய். மூட்டைப்பூச்சி இலவசம். என் முட்டாள்தனம் அந்த அறையில்தான் நடந்தது.

லண்டனில் எனக்கு ஆஸ்பத்திரித் துப்புரவு வேலை. எய்ட்ஸ் வார்டில் என் வயதுக்காரர் சாவதைப் பார்த்துச் சலித்துப்போய், எச்.ஐ.வி தடுப்பூசிப் பரிசோதனைக்கு ஆள் தேடியபோது கையை நீட்டினேன். ஊசியில் இருந்தது கிருமி அல்ல, அதன் மேலுறைப் புரதம் ஒன்று மட்டும், அதுவும் ஆய்வுகூடத்தில் செய்தது. அதற்கு உடம்பு எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்குகிறதா என்று பார்த்தார்கள். என் உடம்பு தாராளமாகவே உண்டாக்கியது. அவை நிஜக் கிருமியைத் தடுக்குமா என்பது எவருக்கும் தெரியாது. சங்கடம் என்னவென்றால், வழக்கமான இரத்தப் பரிசோதனை அந்த எதிர்ப்புப் புரதங்களைத்தான் தேடும். நோயே இல்லாத என்னை நோயாளி என்று சொல்லிவிடும். அதனால், இரத்தம் கொடுக்கக் கூடாது என்று சொல்லி, விவரம் எழுதிய அட்டை ஒன்றும் தந்திருந்தார்கள்.

புலிகளின் பகுதிக்குள் போகுமுன், தாண்டிக்குளம் இராணுவச் சோதனைச் சாவடியில் ஒவ்வொரு கடதாசியையும் விரித்துப் பார்ப்பார்கள். அந்த நோயின் பெயர் கண்ணில் பட்டால் என்ன ஆகுமோ என்று பயந்து, தடைசெய்யப்பட்டிருந்த டோர்ச் பற்றரிகளோடு அட்டையையும் ஒரு பையில் போட்டு லொட்ஜ்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் சோதனைக்கு மூன்று மணித்தியாலம். ஓமந்தை வரை சைக்கிள் காரியரில் நூறு ரூபாய். அங்கிருந்து கிளிநொச்சி சுமார் அறுபத்தைந்து கிலோமீற்றர், வான் வண்டியில் இருநூறு ரூபாய், நான்கு மணித்தியாலம். அந்தப் பக்கம் பெற்றோலுக்கும் தடை.

"மண்ணெண்ணெயில எப்பிடி அண்ணை ஓடுது?" என்று சாரதியைக் கேட்டேன்.

"பெற்றோலை மணக்கக் குடுத்து எழுப்பிவிடுறது. பிறகு தன்பாட்டில ஓடும்."

ஆஸ்பத்திரி வாசலில் அத்தான் நின்றார். ஒப்பரேசன் அடுத்த நாள் காலை.

"நல்ல நேரத்தில வந்தனீர். ஒரு பைன்ற் ரத்தம் வேணுமாம். எனக்கு மலேரியா வந்ததால எடுக்கமாட்டினம். பக்கத்துக் காணி ராமையா தாறன் எண்டவர், வகையும் பொருந்தினது. கூடப்பிறந்தவன் அதே வகை, அவன் வாறான், பிறத்தியாரிட்ட ஏன் வாங்குவான் எண்டு நான்தான் மறிச்சுப்போட்டன்."

 எல்லாவற்றையும் சொன்னேன். நோயின் பெயரைக் கேட்டதும் அவர் இரண்டடி தள்ளி நின்றார்.

"நோய் இல்லை அத்தான், ஊசி மட்டும்தான்."

"கடதாசி இருக்கோ?"

"வவுனியாவில விட்டிட்டு வந்தனான்."

உள்ளே போய் டொக்டரிடம் சொன்னோம். அவருக்கு விஷயம் உடனே விளங்கியது. "உங்கட ரத்தம் வேண்டாம். பொழுதுபடமுன்னம் வேற ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. இல்லாட்டி நாளைக்கு ஒப்பரேசன் இல்லை. அடுத்த திகதி எப்ப எண்டு நான் சொல்லேலாது."

அக்கா வீடு இருக்கும் வட்டக்கச்சிக்கு, அத்தானின் சைக்கிளில் பத்துக் கிலோமீற்றர் மிதித்தேன். ராமையா மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர். வயலில் நின்றார். வேண்டாம் என்று சொன்ன வீட்டிலிருந்து வந்து கேட்க வெட்கமாக இருந்தது.

"நேத்து வேணாம்னாரு, இன்னைக்கு வேணுமா? இருங்க தம்பி, காலக் கழுவிட்டு வாரேன்" என்றார். வழி முழுக்க மழையைப் பற்றித்தான் பேசினார்.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. மூன்றாம் நாள் அக்கா எழுந்து உட்கார்ந்தபோது, அத்தான் எனக்கென்று ஒதுக்கிய நெளிந்த தகரப் பேணியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

"இவர் எல்லாம் சொன்னவர். நீ பொய் சொல்லுற ஆள் இல்லை" என்று அக்கா பேணியை என் கையிலிருந்து வாங்கி மிச்சத்தைக் குடித்தார். "சீனி காணாது."

இப்போது கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்கு நேரே ரயில் போகிறது, சாவடிப் பயம் இல்லை. இப்படியான பரிசோதனையில் இருப்பவர்கள் அட்டையைக் கூடவே கொண்டுபோங்கள். வீட்டாருக்குப் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். என் அட்டை லொட்ஜில் பத்திரமாக இருந்தது, பற்றரிகளைத்தான் காணவில்லை.

தண்ணீர்ப் போத்தலும் அவசியம். திரும்பும் நாள், கிளிநொச்சிச் சந்தியில் நல்ல வெயில். நான் பாதி குடித்த போத்தலை அத்தான் கைநீட்டிக் கேட்டார். ஊரில் எல்லோரும் அண்ணாந்து குடிப்பவர்கள், அவரும் அப்படித்தான். அன்றைக்குப் போத்தலின் வாயைத் துடைக்காமல், வாய் வைத்துக் குடித்தார். வான் வெளிக்கிட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.