தலை முறித்த சோளன்

சோளன் அறுவடைக்கு நாங்கள் தோட்டத்துக்குக் கொண்டுபோனவை: நான்கு சாக்குகள், மூன்று ஓலைக் கடகங்கள், சாக்கின் வாய் கட்டச் சணல், ஒரு போத்தல் தேநீர். அன்று பயன்பட்டது தேநீர் மட்டும்தான்.

எனக்கு எட்டு வயது. சரவணைக் கிராமத்தில் எங்களுக்கு இருந்தது சிறிய தோட்டம். அதில் ஐயா புகையிலையைத் தவிர வேறெதுவும் வைத்ததில்லை. அவருடைய புகையிலைக்கு ஊரில் பெயர் இருந்தது. முந்திய வருடம் காலம் தப்பிப் பெய்த மழை அதை வேரோடு அழுகவைத்துவிட்டது. வன்னியிலிருந்து வந்த மாமா, அம்மாவின் அண்ணன், ஒரு பை மக்காச்சோள விதையைக் கொடுத்து, "ஊண்டிவிட்டாக் காணும், மச்சான். அது தன்ரபாட்டிலை வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது வந்தால் ஐயா எங்களோடு இருப்பார். வராவிட்டால் தெற்கே ஒரு தூரத்து உறவினரின் கடைக்குச் சிப்பந்தியாகப் போவார். வருடத்துக்கு ஒருமுறைதான் வீடு வருவார். பெரியவர்கள் அப்படித்தான் பேசி முடித்திருந்தார்கள். எனக்குச் சொல்லவில்லை.

மார்கழியில் சோளன் ஐயாவைவிட உயரமாக வளர்ந்து தலையில் பூ விட்டது. பூவைக் கண்டதும் அவருடைய கை சும்மா இருக்கவில்லை. புகையிலை பூக்க வெளிக்கிட்டால் நுனியை முறித்துவிட வேண்டும். அப்போதுதான் சத்து இலைக்கு இறங்கும். எங்கள் பக்கத்தில் நடை பழகும் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது.

"இது போயிலை இல்லையே. அண்ணையை ஒருக்காக் கேட்டுப்போட்டுச் செய்தாலென்ன?" என்றார் அம்மா.

"உன்ர கொண்ணையே எனக்குத் தோட்டம் படிப்பிக்கிறது? பூவுக்குப் போற சத்துப் பொத்திக்குப் போகட்டும். வாளியைக் கொண்டா, பிள்ளை."

கவிழ்த்த வாளியில் ஏறி நின்று நானும் முறித்தேன். வேலியோர வரிசை என்னுடையது. அதன் முடிவில், பூவரசு மறைத்த மூலையில், ஒரு குளவிக்கூடு இருந்தது. கடைசி மூன்று செடிகளுக்குப் போகாமல், "முடிஞ்சுது ஐயா" என்றேன். "கெட்டிக்காரி" என்றார்.

அதன் பிறகு, கதிர்ப் பொத்திகளின் நுனியில் தொங்கும் நூல் தாடி வாடாமல் நீண்டுகொண்டே போயிற்று. ஐயா அதைச் செழிப்பு என்றார். முறித்த பலன் என்றார். அம்மாவும் மெல்ல மெல்ல நம்பத் தொடங்கினார்.

தை மாதக் காலையில் ஐயா முதல் பொத்தியை உரித்தார். உள்ளே வெறும் வெள்ளைத் தண்டு. இரண்டாவதும் அப்படித்தான், மூன்றாவதும். பிறகு அவர் உரிக்கவில்லை. கையால் அமத்திப் பார்த்து எறிந்தபடி வரிசை வரிசையாக நடந்தார். அவர் எறிந்தவற்றை அம்மா பொறுக்கி உரித்துப் பார்த்துக்கொண்டே பின்னால் போனார். வேலிக்கு அப்பால் சைக்கிளில் போன ஒருவர், "என்ன, கொண்டந்த சாக்குக் காணாதோ? என்னட்டை ரண்டு கிடக்கு!" என்று பகிடி விட்டார்.

"காணும், காணும்" என்றார் ஐயா.

மூலையில்தான் நான்கு பொத்திகள் இருந்தன. அடி முதல் நுனிவரை நெருக்கமாக, மஞ்சளாக, மணி. பக்கத்துச் செடிகளில் குழந்தைக்குப் பல் முளைத்ததுபோல அங்கொன்று இங்கொன்று. ஐயா அண்ணாந்து பார்த்தார். அந்த மூன்று செடிகளின் தலையிலும் பூ காய்ந்துபோய் அப்படியே நின்றது.

"இதை ஆர் முறிக்காமல் விட்டது?"

அடி நிச்சயம் என்று தெரிந்தது. "நான்தான் ஐயா. குளவிக்குப் பயத்திலை விட்டனான். மற்றதெல்லாம் வடிவா முறிச்சனான். ஒண்டும் விடேல்லை."

ஐயா அடிக்கவில்லை. அப்படியே வரம்பில் குந்தினார். அம்மா அவரைப் பார்க்காமல் நான்கு பொத்திகளையும் மடியில் எடுத்துக்கொண்டார்.

"விதைக்கு வைப்பம். மாசி பிறக்க இன்னொருக்கா ஊண்டலாம்."

"ஆர் ஊண்டுறது? பிள்ளைக்குச் சுட்டுக் குடு."

பல வருடங்களின் பின் விவசாயப் பாடசாலையில் சோளன் செடியின் படம் கீறிப் பெயரிடச் சொன்னார்கள். மேலே ஆண் பூ, கீழே பெண் பூ. தாடியின் ஒவ்வொரு இழையும் ஒவ்வொரு மணிக்குரியது. மேலிருந்து மகரந்தத் தூள் விழாத இழைக்கு மணி இல்லை. எல்லாம் சரியாக எழுதினேன். முழுப் புள்ளி கிடைத்தது.

அறுவடைக்குப் போன அன்று மத்தியானம் அம்மா நான்கையும் குசினித் தணலில் சுட்டு, உப்புத் தண்ணீர் தெளித்துத் தந்தார். ஐயாவும் அம்மாவும் ஒரு மணிகூட வாயில் வைக்கவில்லை. ஐயா பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். முற்றிய சோளன், பல் நொந்தது. ஆனாலும் நான்கையும் ஒரு மணி விடாமல் நானே தின்றேன். உண்மையைச் சொன்னதற்கு ஐயா தந்த பரிசு அது என்று நினைத்தேன்.